மால்ஹாம் சுண்ணாம்புக் குன்றுகள்: கோடை நடைக்குச் சில கேள்விகள்

கேள்வி: ஜூலையில் இங்கிலாந்தின் லீட்ஸில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். யார்க்‌ஷயர் டேல்ஸில் மால்ஹாம் கோவ் பாறைச் சுவரையும் மேலிருந்து பள்ளத்தாக்கையும் பார்க்க ஆசை. வயது 62, முழங்கால் அவ்வப்போது மக்கர் செய்யும். முடியுமா? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக. மால்ஹாம் கிராமத்திலிருந்து பாறையின் அடிவாரம் வரை சமமான பாதைதான்; மெதுவாக நடந்தாலும் அரை மணி. சுமார் 80 மீட்டர் உயரச் சுவரை அங்கிருந்தே முழுதாகப் பார்த்துவிடலாம். பள்ளத்தாக்குக் காட்சி வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும். இடப்பக்கம் ஏறத்தாழ 400 கற்படிகள்.

முழுச் சுற்று 7, 8 கிலோமீட்டர். நின்று பார்த்து நடக்க நான்கு மணி நேரம் வையுங்கள். பலரும் ஜேனட்ஸ் ஃபாஸ் சிற்றருவியில் தொடங்கிக் கடைசியில் அந்த 400 படிகளில் இறங்குகிறார்கள். உங்கள் முழங்காலுக்கு அது ஆகாது, திருப்பிச் சுற்றுங்கள். கால் சோர்வதற்கு முன்பே படியேறி, உச்சியில் விரிந்திருக்கும் பாறைத்தளத்தைக் கிழக்காகக் கடந்து, மால்ஹாம் ரேக்ஸ் சாலையைத் தாண்டினால், புல்வெளி வழியாக கோர்டேல் பாலத்துக்கு இறங்கிவிடலாம். அங்கிருந்து ஜேனட்ஸ் ஃபாஸ், ஓடையோரமாகக் கிராமம். பாலத்தருகே பிரியும் கோர்டேல் ஸ்கார் என்ற பாறைப் பிளவுப் பள்ளத்தாக்குக்கும் போய் வாருங்கள், தரை சமம்தான். ஆனால் அங்குள்ள அருவிவரை போய்த் திரும்பிவிடுங்கள். அதற்கு மேலே கையும் காலும் ஊன்றி ஈரப் பாறையில் தொற்றி ஏற வேண்டும்.

கேள்வி: மேலே பாறைத்தளத்தில் கால் மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: மாட்டும். சுமார் 33 கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புப் பாறை அது. பனியாறு மேல்மண்ணைச் சுரண்டியெடுத்த பின், லேசான அமிலத்தன்மையுள்ள மழைநீர் பாறையின் விரிசல் வழியே இறங்கி அவற்றைக் கரைத்து அகலப்படுத்தியது. அதனால் தளம் முழுக்கப் பெரிய கற்பாளங்கள், நடுநடுவே ஆழமான பிளவுகள். சில பிளவுகளில் முழங்காலுக்கு மேல் இறங்கிவிடும்.

கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் பார்வை பள்ளத்தாக்கில் இருக்கும்போதுதான். பார்க்க வேண்டுமா, நில்லுங்கள். நடக்க வேண்டுமா, தரையைப் பாருங்கள். பாளத்தின் நடுவில் மிதியுங்கள். ஆடும் கல்லை நுனிக்காலால் சோதித்த பிறகே எடை வையுங்கள். ஊன்றுகோலைத் தளத்தில் பயன்படுத்தாதீர்கள், முனை பிளவில் சிக்கினால் கோல் முறியும், ஆளும் விழுவார். பலர் மிதித்து மிதித்து மெருகேறிய கற்கள் நனைந்தால் சோப்புப் போட்டது போல வழுக்கும். மழை பெய்தால் தளத்தைத் தவிர்ப்பதே மேல். விளிம்பில் கம்பிவேலி கிடையாது. செல்ஃபி பிரியர்கள் கவனிக்க.

குனிந்து பிளவுக்குள் பாருங்கள். வெயிலும் காற்றும் மேயும் ஆடும் எட்டாத அந்த ஈர நிழலில் பெரணிகள் செழித்திருக்கும்.

கேள்வி: கோவுக்கு மேலே ஏரி இருக்கிறது, கீழே ஓடை இருக்கிறது. நடுவில் மட்டும் வறண்ட பள்ளத்தாக்கு எப்படி? (ஆசிரியர், மதுரை)

பதில்: மால்ஹாம் டார்ன் ஏரி நீர் புகாத ஸ்லேட் பாறைமேல் நிற்பதால் தேங்குகிறது. வெளியேறும் ஓடை சுண்ணாம்புப் பாறையைத் தொட்டதும் தரைக்குள் மறைகிறது. கோவின் அடியில் பொங்குவது அதே நீர் என்றுதான் தோன்றும்; இல்லை. சாயம் கலந்து சோதித்ததில், ஏரி நீர் கிராமத்துக்குத் தெற்கே ஏர் ஹெட் ஊற்றுகளில் வெளிவருவது தெரிந்தது. கோவின் அடியில் வருவது வேறொரு ஓடை, பழைய ஈய உருக்காலை அருகே மறைவது. பனியுகம் முடியும் காலத்தில் உருகிய நீர் கோவின் உச்சியிலிருந்து அருவியாகக் கொட்டியது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது நிலத்தடி வழிகள் கொள்ளாமல், சிறிது நேரம் மறுபடியும் கொட்டியது.

கேள்வி: என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? (வாசகர், சென்னை)

பதில்: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மேலே குடிக்க ஒன்றும் கிடைக்காது. ஓடைத் தண்ணீர் ஆடு மேயும் நிலத்தில் ஓடுவது, குடிக்காதீர்கள். வெள்ளைப் பாறையில் வெயில் கண் கூசும், நிழலும் இல்லை, தொப்பி வேண்டும். ஜூலையானாலும் மழைச்சட்டை கட்டாயம். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ரப்பர் அடிக் காலணி போடுங்கள். கற்சுவர்களில் குறுகலான இடுக்குகளும் ஏறிக் கடக்கும் படிகளும் வரும். புடவையைவிடச் சுடிதாரோ பேண்ட்டோ வசதி. உயர்ந்த புல்லில் உண்ணி இருக்கும். வீடு திரும்பியதும் முழங்கால் பின்புறம், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பின்னர் வட்டமாகச் சிவந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

கேள்வி: நினைவுக்கு ஒரு சிறு கல் எடுத்து வரலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கூடாது. தோட்ட அலங்காரத்துக்கென்று இத்தகைய தளங்களைப் பெயர்த்து விற்றதால்தான் பிரிட்டனின் 1981 வனவிலங்குச் சட்டத்தில் இவற்றுக்கெனத் தனிப் பாதுகாப்புப் பிரிவு வந்தது. படம் எடுங்கள்.