சம்படமா, டப்பாவா?

அன்புள்ள ஐயா,

நான் சம்படம் என்பதை மருமகள் டப்பா என்கிறாள். போன வாரம் “அந்தச் சீடைச் சம்படத்தை எடும்மா” என்றேன். “அது என்ன அத்தை, சமஸ்கிருதமா?” என்று சிரித்தாள். சம்படம் நல்ல தமிழ், டப்பாதான் இந்தி என்று நானும் விடவில்லை. யார் சொல்வது சரி?

— ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள அம்மா,

மருமகள் விளையாட்டாகச் சொன்னது பலித்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சம்படம் என்பது சம்புடம், வடசொல்தான். டப்பா இந்தி வழியாக வந்தது என்று நீங்கள் சொன்னதும் சரி. ஆக, இருவருக்கும் பாதிப் பாதி.

ஆனால் சம்புடத்தில் ஓர் அழகு இருக்கிறது. புடம் என்றால் குழிவு. இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து, ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே ஒரு நெல்லிக்காய்க்கு இடமிருக்கும். அதுதான் சம்புடம். பஸ்பம் செய்யும் வைத்தியர்கள் இரண்டு அகல்களை வாயோடு வாய் பொருத்திச் சீலைமண் பூசி நெருப்பில் வைப்பார்கள். அதற்கும் இதே பெயர். அதாவது, மூடியும் சேர்ந்தால்தான் சம்படம்.

தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் ஊறுகாய் ஜாடியைக் காட்டுங்கள். பெரும்பாணாற்றுப்படையிலேயே ‘சாடி’ உண்டு. ச-வை ஜ ஆக்கியது பின்னால் வந்த நாம். (அந்தச் சாடியில் இருந்தது ஊறுகாய் இல்லை, கள். மருமகளிடம் அதைச் சொல்ல வேண்டாம்.)

அஞ்சறைப் பெட்டியும் நம்முடையதே. ஐந்து அறை, அவ்வளவுதான். ஆனால் இன்றைய எவர்சில்வர் பெட்டியைத் திறந்து எண்ணுங்கள்: பெரும்பாலும் ஏழு கிண்ணம் இருக்கும். பெட்டி வட்டமானதன் விளைவு அது. ஒரே அளவுக் கிண்ணங்களை நடுவில் ஒன்று வைத்துச் சுற்றி அடுக்கினால் கச்சிதமாக ஆறு உட்காரும். அதற்காக யாரும் ஏழறைப் பெட்டி என்று மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு சம்படம் உண்டு. பாத்திரத்தில் அம்மா பெயர் வெட்டியிருக்கும், மூடியில் பெரியம்மா பெயர். ஏதோ ஒரு தீபாவளிக்குப் பலகாரம் கை மாறியபோது மூடியும் மாறிவிட்டது. இங்கே கரண்டிக் காம்பால் நெம்பினால்தான் திறக்கும். அங்கே லொடலொடவென்று ஆடுகிறதாம். போன மாதம் போனபோதும் பெரியம்மா கேட்டார், “என் மூடி எப்படா வரும்?”