தலைவர் பதவி ஏலம்: வெளிநாட்டுப் பார்வையாளரைக் கூப்பிட முடியுமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். ஊராட்சித் தேர்தல் பேச்சு வந்தாலே மந்தையில் கூடி, கோயிலுக்கு யார் அதிகம் தருகிறாரோ அவருக்கே தலைவர் பதவி என்று ஏலம் விட்டுவிடுகிறார்கள். வேறு யாரும் மனுத் தாக்கல் செய்யக்கூடாது. இலங்கைத் தேர்தலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் பார்வையாளராக வந்ததை டிவியில் பார்த்தேன். அவர்களை எங்கள் ஊருக்கு வரவழைக்க வழி உண்டா? வங்கியில் வேலை பார்க்கும் என் மகள் அப்படிப் பார்வையாளராகப் போக முடியுமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: வரமாட்டார்கள். நாம் மனுப் போட்டுக் கூப்பிட்டால் வருகிறவர்களும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ காமன்வெல்த்தோ ஒரு நாட்டுக்குக் குழு அனுப்ப வேண்டுமென்றால், அந்த நாட்டு அரசோ தேர்தல் ஆணையமோ அழைத்திருக்க வேண்டும். 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த இலங்கை அதிபர் தேர்தலுக்கு இந்த இரண்டு குழுக்களும் வந்தது அப்படித்தான். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. நம் தேர்தல் ஆணையம் மற்ற நாடுகளின் தேர்தல் அதிகாரிகளை விருந்தினராக அழைத்து, வாக்குப்பதிவைச் சுற்றிக் காட்டுகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு 23 நாடுகளிலிருந்து 75 பேர் வந்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் சமையலில் குறை எழுதிக் கொடுத்துவிட்டா போவார்கள்?

சரி, வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையை 2005 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கில், ஐ.நா.வில் வெளியிட்ட பிரகடனம் சொல்கிறது. கண் முன்னால் கள்ள ஓட்டு விழுந்தாலும் ‘நிறுத்து’ என்று உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரமில்லை. அந்நாட்டுச் சட்டம் தடுக்காவிட்டால், வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல் அதிகாரியிடம் சொல்லலாம். மற்றபடி நோட்டில் குறித்துக்கொள்வதுதான் வேலை. காலிப் பெட்டியை ஏஜென்டுகளுக்குக் காட்டினார்களா, எத்தனை மணிக்கு சீல் வைத்தார்கள், வரிசையில் எத்தனை பேர், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு சாவடியிலும் அதே படிவத்தை நிரப்ப வேண்டும்.

ஓட்டுப் போடும் நாளுக்கு மட்டும் வருகிறவர்கள் குறுகிய காலப் பார்வையாளர்கள். சில வாரங்களுக்கு முன்பே வந்து மாவட்டத்தில் தங்குகிறவர்கள் நீண்ட காலப் பார்வையாளர்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது வகைதான் காசுக்குப் பிரயோசனம். 2019 ஏப்ரல் 18 அன்று மதுரையில் மட்டும் ஏன் இரவு 8 மணி வரை வாக்குப்பதிவு என்று, முந்தைய நாள் விமானத்தில் இறங்கியவர் சந்தேகப்படலாம். மாசி வீதியில் நாலு நாள் நடந்தவருக்குச் சித்திரைத் தேரோட்டம் தெரிந்திருக்கும்.

உங்கள் ஊர் விஷயத்துக்கு இது இன்னும் பொருந்தும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் எல்லாம் உங்களுக்குப் பக்கம்தான். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் 2006 வரை அங்கே முறையான தேர்தல் நடக்கவே விடவில்லை. சில தடவை மனுவே வராது. சில தடவை ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்வார். வாக்குப்பதிவு நாளில் போய்ப் பார்த்தால் அடிதடி இல்லை, சத்தம் இல்லை. எழுத என்ன இருக்கிறது? 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது என்றால், அதற்கு முன்பே மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசியதால்தான்.

ஏலமும் அப்படித்தான். ஒரே மனு என்றால் போட்டியின்றித் தேர்வு, வாக்குப்பதிவே கிடையாது. அதனால் மனுத் தாக்கல் முடிவதற்குள் நீங்கள் புகார் கொடுத்தாக வேண்டும். ஊராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். மாவட்டத்துக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை அதுவே பார்வையாளராக நியமிக்கிறது. அறிவிப்பு வந்ததும் அவருடைய தொடர்பு எண்ணை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். புகாரின் நகல் ஆட்சியருக்கும் போகட்டும். தேர்தல் முறைகேட்டைப் போனிலிருந்தே புகார் செய்யும் சி-விஜில் செயலி இதற்கு உதவாது. அது இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்தும் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கானது.

புகாரை எப்படி எழுதுவது என்பதை மட்டும் வெளிநாட்டுப் பார்வையாளரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். ‘எங்கள் ஊரில் ஜனநாயகப் படுகொலை’ என்று எழுதினால் அது ஃபைலில் தூங்கும். ‘இன்ன தேதி இரவு 7.30 மணிக்கு மந்தையில் சுமார் 60 பேர் கூடினார்கள். கேட்ட தொகை இவ்வளவு, ஒத்துக்கொண்டவர் இவர். நான் பத்தடி தள்ளி நின்றேன்’ என்று எழுதுங்கள். பார்த்ததைத் தனியாக, பிறர் சொல்லிக் கேட்டதைத் தனியாக எழுதுங்கள். வீடியோ இருந்தால் மூலத்தைப் போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், உங்களுக்கே ஆபத்து.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்த்து மனுப் போட ஒருவராவது துணியாவிட்டால், பெரும்பாலும் புகார் ஒரு சமாதானக் கூட்டத்தோடு முடிந்துவிடும். அப்படி ஒருவர் இருந்தால், மனுத் தாக்கலுக்குப் போகும்போது போலீஸ் பாதுகாப்பு வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் மகள். ஐரோப்பிய ஒன்றியக் குழுக்களில் பெரும்பாலும் அதன் உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் இடம். காமன்வெல்த் தானே ஆள் பார்த்து அழைக்கும். ஆசியர்களுக்குப் பொருத்தமானது பாங்காக்கில் இயங்கும் அன்ஃப்ரெல் (ANFREL) என்ற ஆசியத் தேர்தல் கண்காணிப்பு அமைப்பு, 1997-இல் தொடங்கியது. எதுவானாலும் கட்சித் தொடர்பு இருக்கக் கூடாது. வங்கியின் அனுமதியும் வேண்டும். ‘வெளிநாட்டுத் தேர்தல் பார்வையாளர் வேலை, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது கேட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

அதற்கு முன்னால், பொதுத்துறை வங்கி ஊழியரென்றால் அவருக்கு இங்கேயே ஒரு வாய்ப்பு வரலாம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் பதற்றமான சாவடிகளுக்கு நுண் பார்வையாளராக (மைக்ரோ அப்சர்வர்) அவர்களையும் அனுப்புகிறார்கள். அறிக்கை நேராக, தேர்தல் ஆணையம் நியமித்த பொதுப் பார்வையாளருக்குப் போகும். வங்கியில் பலர் அந்த ட்யூட்டி வந்தால் ரத்து செய்ய ஆள் பிடிப்பார்கள். உங்கள் மகள் பிடிக்காமல் இருக்கட்டும்.