முன்சக்கரம் ஏன் முறிகிறது?

கேள்வி: பயிற்சி விமானம் தரையிறங்கும்போது முன்சக்கரம் முறிந்து, ஓடுபாதையில் மூக்குக் குப்புற நின்றதாக அவ்வப்போது செய்தி வருகிறது. சக்கரங்கள் சரியாக வெளியே வராததுதான் காரணமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் இல்லை. மாணவர்கள் பழகும் செஸ்னா 152, செஸ்னா 172 ஆகியவற்றின் வழக்கமான வகைகளில் சக்கரங்கள் உள்ளே மடங்குவதே கிடையாது. கோளாறு இறங்கும் விதத்தில்தான் இருக்கிறது.

இவற்றின் பின்சக்கரங்கள் இரண்டும் வளைந்து கொடுக்கும் எஃகுக் கால்களில் அமைந்திருப்பதால், சற்றுப் பலமாக இறங்கினாலும் அடியைத் தாங்கிக்கொள்ளும். முன்சக்கரமோ, எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவரில் பொருத்திய ஒற்றைக் காலில் நிற்கிறது. எண்ணெயும் அழுத்தமேற்றிய வாயுவும் அடங்கிய அந்தக் கால், இறங்கும் அடியை முதலில் வாங்குவதற்காக அமைக்கப்பட்டதன்று.

செஸ்னா 172 ஏறத்தாழ 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையை நெருங்க வேண்டும். மாணவர் 75 நாட் வேகத்தில் வந்து, வேகம் தணியும்வரை பொறுக்காமல் விமானத்தைத் தரையில் அழுத்தினால், முன்சக்கரம் முதலில் பட்டு மூக்கு மேலே துள்ளும். பதறிப்போய் அவர் மூக்கைத் தாழ்த்தக் கட்டுப்பாட்டுப் பிடியை முன்னே தள்ளுவார். அது செயல்படும் நேரத்தில் மூக்கு தானாகவே தாழத் தொடங்கியிருக்குமாதலால், இரண்டும் சேர்ந்து முன்சக்கரத்தை முன்னிலும் பலமாக மோதவைக்கும். இரண்டு மூன்று துள்ளலில் கால் மடங்கிவிடும். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் காயமின்றி இறங்கிவிடுவார்கள். ஆனால் சுழன்றுகொண்டிருந்த ப்ரொப்பெல்லர் தரையில் அடித்திருந்தால் எஞ்சினையே பிரித்துச் சோதிக்க வேண்டும், தீத்தடுப்புச் சுவரின் தகடும் நெளிந்திருக்கக்கூடும். விமானத்தின் சொந்தக்காரருக்குக் கையைக் கடிக்கும் செலவு அதுதான்.

பலமாகத் துள்ளியவுடன் முழு விசை கொடுத்து மேலெழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் இறங்குவதே இதற்கு வழி. எல்லா மாணவர்களும் படிக்கும் பாடம்தான் இது. என்றாலும் சக்கரம் ஒருமுறை தரையைத் தொட்டுவிட்ட பிறகு ஓடுபாதையை விட்டு எழும்ப அவர்களுக்கு எளிதில் மனம் வருவதில்லை.

நீங்கள் சந்தேகிக்கும் விபத்து, பைப்பர் ஆரோ போன்ற மடங்கு சக்கர விமானங்களில் நேர்வதுண்டு. அங்கும் பழுதோடு, சக்கரத்தை இறக்க மறப்பதும் சேர்ந்துகொள்ளும் என்பதால்தான், மூன்று சக்கரங்களும் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளும் எரிகின்றனவா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கப் பழக்குகிறார்கள்.

சக்கரமே கழன்று விழுவது மிக அரிது. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பெவர்லியில், முதன்முறை தனியாகப் பறந்த 17 வயது மாணவியின் பைப்பர் விமானத்தில், மேலெழும்பும்போதே வலப்புறச் சக்கரம் கழன்றுவிட்டது. பயிற்றுநர் தரையிலிருந்து வானொலியில் சொல்லச் சொல்ல, அவர் இருக்கும் சக்கரங்களைக் கொண்டே காயமின்றி இறங்கினார்.