அப்பாவிடம் அம்மன் பேசுவது: கோயிலா, டாக்டரா?

தம்பி, பாட்டி தவறியதிலிருந்து அப்பா தூங்குவதில்லை, எதிர்வீட்டுக்காரரைப் பேய் என்று அம்மன் சொல்வதாகச் சொல்கிறார், ‘ஃபிரெயில்டி’ படம் பார்த்தபின் அது நிஜமோ என்று பயமாயிருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் படத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். 2001இல் பில் பாக்ஸ்டன் இயக்கி, கடவுள் சொன்னதாக ஆட்களைப் பேய் என்று கொல்லும் அப்பாவாகவும் நடித்தது. கடைசியில் அந்த அப்பா கண்டதெல்லாம் உண்மை என்று திருப்புவது திரைக்கதையின் வேலை.

தீமிதியில் சாமி வருவதைப் பார்த்திருப்பீர்கள். வரும், மலையேறும், மறுநாள் சாமி வந்தவர் வழக்கம்போல் வேலைக்குப் போவார். தூக்கமே இல்லாமல் ஒருவர்மேல் சந்தேகம் வளர்ந்துகொண்டே போவது வேறு. அது டாக்டர் பார்க்க வேண்டியது.

வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். “உங்களுக்குக் கேக்குதுப்பா, எனக்குக் கேக்கல. இப்படித் தூங்காம இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்று தூக்கத்தைச் சொல்லியே பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள். தனியாக, நிதானமாக ஒன்று கேளுங்கள்: அந்தக் குரல் எதையாவது செய்யச் சொல்கிறதா? ஆம் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் (IMH) 24 மணி நேர எண் 6389 2222. புவாங்கோக்கில் உள்ள அந்தக் கழகத்தில் அவசரப் பிரிவும் உண்டு. கைமீறினால் போலீசுக்கு 999.

கோயிலுக்கும் போங்கள், அப்பா பேரில் அர்ச்சனை செய்யுங்கள். டாக்டரைப் பார்த்த பிறகு.