பாக்கெட்டில் எழுதிய கமெண்ட் காணாமல் போவது பற்றி

தண்டையார்பேட்டைக் கடையின் நெட்வொர்க்கில் பிடித்த பாக்கெட்டுகளுக்கு (நெட்வொர்க்கில் போய்வரும் தரவுத் துண்டுகள்), அவற்றைப் பிடித்து ஆராயும் மென்பொருளான வயர்ஷார்க்கில் கமெண்ட் எழுதிச் சேமித்தும், மறுநாள் திறந்தால் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். பழைய பீகேப் (pcap) கோப்பு வடிவத்தில் சேமித்திருப்பீர்கள். அதில் கமெண்டுக்கு இடமே கிடையாது. பீகேப்என்ஜி (pcapng) வடிவத்தில் சேமியுங்கள். (வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடை வேலையில் நானும் இரண்டு மணி நேர உழைப்பை இப்படித்தான் தொலைத்தேன்.)

மூலக் கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரே ஒரு கமெண்ட் சேர்த்துச் சேமித்தாலும் கோப்பின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) மாறிவிடும், அப்புறம் சாட்சியமாகக் காட்டும்போது கேள்வி வரும். முதலில் மூலக் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷை எடுத்து எழுதி வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

தற்காலிக அடையாளம்தான் வேண்டுமென்றால் கமெண்டே தேவையில்லை. கன்ட்ரோல்+எம் அழுத்தினால் போதும், கோப்பை மூடியதும் அது தானாகப் போய்விடும். கமெண்ட் இல்லாத நகலைக் கடைக்காரருக்குத் தர வேண்டுமா? அதற்கு அந்தப் பழைய பீகேப்பே சரி!