மின்னொளி கபடியும் கேமராவும்: சில கேள்விகள், பதில்கள்

மின்னொளி கபடி நோட்டீஸ் சுவரில் ஏறியதும், இரவு ஆட்டத்தைப் படம் எடுப்பது பற்றி எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பலரும் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சார், எங்கள் ஊர்ப் போட்டியை கிட் லென்ஸில் (கேமராவோடு சேர்ந்து வரும் லென்ஸ்) எடுத்தேன். ஸ்போர்ட்ஸ் மோடு வைத்தும் கையும் முகமும் கலங்கிவிட்டன. ஏன்?

வெளிச்சம் போதவில்லை. நாலு கம்பத்தில் எரியும் ஃபோகஸ் லைட் நம் கண்ணுக்குத்தான் பகல். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்தால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் ஏற ஏறத் துளை சின்னது). அதைச் சரிக்கட்ட கேமரா ஷட்டரை 1/125 நொடி அளவுக்கு இறக்கிவிடும். தொடப் பாயும் கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/125 நொடிக்குள் அது 4 செ.மீ. நகர்ந்துவிடும், விரல்கள் இழுபட்ட மாவாகத்தான் பதியும். 1/1000இல் நகர்வது அரை செ.மீ. மட்டும்.

அதனால் அளவுகளை நாமே வைக்கும் எம் (மேனுவல்) மோடுக்குப் போங்கள். ஷட்டர் 1/800, அப்பர்ச்சர் லென்ஸ் திறக்கும் மட்டும். வெளிச்சத்துக்கான உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200இல் ஆரம்பித்து, முகம் தெளியும் வரை ஏற்றுங்கள். எட்டி உதைக்கும்போதும் தாவும்போதும் 1/1000 வேண்டும்; ஆளைப் பிடித்து அமுக்கும் குவியலுக்கு 1/500 போதும்.

செலவு செய்ய மனமிருந்தால் புது கேமரா பாடி வாங்காதீர்கள், 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். எஃப் 5.6ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஆண்கள் ஆடுகளமே 13க்கு 10 மீட்டர்தான், கிரிக்கெட்டுக்குத் தேவைப்படும் நீள லென்ஸ் இங்கே வேண்டியதில்லை.

ஐஎஸ்ஓ 6400 வைத்தால் புள்ளி புள்ளியாக வருகிறதே அண்ணா? 1600இல் எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. புள்ளி குறையாது, பழைய மாடல்களில் இன்னும் கூடும், நிழலில் கோடும் விழும். 6400, தேவைப்பட்டால் 12800கூட வையுங்கள். வாட்ஸ்அப்பில் பார்ப்பவருக்குப் புள்ளி கண்ணில் படாது. கலங்கல் பட்டுவிடும்.

தொடர்ச்சியாகப் பத்து படம் எடுத்தால் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், ஒன்றில் பாதி இருட்டு. கேமரா கெட்டுவிட்டதா?

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, விளக்குதான் துடிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மெட்டல் ஹாலைடு போன்ற விளக்குகள் அதில் நொடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகின்றன, மங்கும்போது நிறமும் மாறுகிறது. கண் அதைக் கவனிக்காது. 1/1000 ஷட்டரோ அந்தத் துடிப்பின் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. எந்தத் துண்டு கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம்.

கேமராவில் ஆன்டி ஃப்ளிக்கர் என்ற துடிப்புத் தடுப்பு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். துடிப்பின் உச்சத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும், தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் பர்ஸ்ட் வேகம் கொஞ்சம் குறையும். கேனான் 2014இல் 7டி மார்க் 2இல் கொண்டுவந்த வசதி இது; இன்று பல மாடல்களில் உண்டு. ஜெனரேட்டரில் ஓடும் ஆட்டத்தில் லோடு ஏற இறங்க அலைவெண்ணும் ஆடும், அங்கே இந்த வசதி சிலசமயம் கைவிடலாம். ஆன்டி ஃப்ளிக்கரே இல்லையென்றால் ரா ஃபைலில் (நிறத்தைப் பிறகு திருத்த வசதியான, சுருக்கப்படாத பதிவு) நிறைய எடுத்து நல்லதைப் பொறுக்குவதுதான் வழி. 1/100 வைத்தால் துடிப்பு மறையும், ஆனால் ஆள் கலங்குவார்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை இரவு ஆட்டத்தில் அணைத்துவிடுங்கள். எல்இடி விளக்கின் கீழ் படம் முழுக்கப் பட்டை பட்டையாக வருவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

ஆட்டோ மோடில் விட்டால் கபடி பாடி வருபவர் முகம் வெளுத்துப்போகிறது.

பின்னால் இருக்கும் கருப்பு வானத்தைப் பார்த்து, கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாறுகிறது. விளக்கு இரவு முழுக்க ஒரே அளவுதான், பிறகு ஆட்டோ எதற்கு? இரு அணியும் வரிசையாக நின்று கைகுலுக்கும்போது நாலு படம் எடுத்து அளவைப் பூட்டிவிடுங்கள். மூலைகள் கொஞ்சம் இருட்டாக வரும், வரட்டும்.

ஃப்ளாஷ்?

கூடாது. மூச்சைப் பிடித்துப் பாடி வருபவர் கண்ணில் வெளிச்சம் அடித்தால் அடிபடுவது அவர்.

என்னிடம் போன்தான் இருக்கிறது.

நைட் மோடை முதலில் அணையுங்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதால் ஓடும் ஆள் ஆவியாகிவிடுவார். ப்ரோ மோடில் ஷட்டர் 1/250, கேமரா 1எக்ஸ். ஜூம் வேண்டாம், கோட்டருகே போய் உட்காருங்கள். ரைடரின் (பாடி வருபவரின்) காலைப் பிடித்து இழுக்கும் நொடியில் எல்லாரும் ஒரு கணம் உறைந்து நிற்பார்கள், அப்போது அழுத்துங்கள். வீடியோவுக்கு ஷட்டர் 1/50 அல்லது 1/100, பட்டை ஓடாது.

எங்கே நிற்பது? ஃபோகஸ் வேறு எதிரணிக்காரர் முதுகுக்கே போகிறது.

பக்கவாட்டில் நின்றால் தோளும் காதும்தான் கிடைக்கும். கடைக்கோட்டுக்குப் பின்னால், தடுக்கும் அணியின் முதுகுப் பக்கம் தரையில் உட்காருங்கள். ரைடர் உங்களைப் பார்த்தே வருவார். கைகோத்த தடுப்பாளர்கள் முன்னால் சட்டம் கட்டித் தருவார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறுவதால் மற்ற அணியின் முகங்களும் அதே இடத்திலேயே கிடைக்கும்.

ஃபோகஸைத் தொடர் முறையில் வைத்து, குறுக்கே யாராவது வந்தால் உடனே தாவாதபடி உணர்திறனைக் குறையுங்கள். எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் கேமராவிடம் விடாமல் நடுவில் ஒரு சின்ன புள்ளிக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து ரைடரின் மார்பில் நிறுத்துங்கள். எதிர்க் கம்பத்து விளக்கு லென்ஸில் நேராக அடித்தால் ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு) மாட்டுங்கள். ஆனால் அந்த எதிர்வெளிச்சத்தில் மண் பறக்கும் படம் ஒன்றிரண்டு எடுக்காமல் வராதீர்கள். அதே மண் சென்சாரிலும் போய் உட்காரும், களத்தருகே லென்ஸைக் கழற்ற வேண்டாம்.