கல்யாணமாகி நாலு மாதம்: உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது. வந்து நின்று உதவிய உறவுக்காரர்களுக்குக் கையால் நாலு வரி எழுதி அனுப்ப ஆசை. மொய் நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாகவே நாள் போகிறது. சுமார் 60 வீடு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெரும்பாலும் பேனாவைத் தடுப்பது ‘நன்றி’ என்ற சொல்தான். பெரியப்பாவுக்குப் போய் ‘தங்கள் வருகைக்கு நன்றி’ என்று எழுதினால் மண்டப வாசலில் மாட்டிய பேனர் மாதிரி இருக்கும். “நமக்குள்ள எதுக்கு நன்றி, நான் என்ன வேத்து ஆளா?” என்று அவர் முகம் சுருங்கினாலும் சுருங்கும். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அவர் செய்ததைச் சொல்லுங்கள். இப்படி:

‘அன்புள்ள பெரியத்தைக்கு, முதல் நாள் ராத்திரி சாமான் ரூமை விட்டு நீங்க நகரவே இல்லையாமே, அம்மா சொன்னாங்க. நீங்க கொடுத்த குத்துவிளக்கைத்தான் வெள்ளிக்கிழமை ஏத்துறோம். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வர்றோம்.’

இவ்வளவு போதும். செய்த வேலை ஒன்று, கொடுத்த பொருள் ஒன்று, அடுத்துச் சந்திப்பது எப்போது என்று ஒரு வரி. தாமதத்துக்குச் சாக்கு எழுத ஆரம்பித்தால் கடிதம் முழுக்க அதுவே ஓடிவிடும். ‘எழுத நாளாகிவிட்டது’ என்பதோடு நிறுத்துங்கள்.

மொய்த் தொகையை மட்டும் எழுதவே கூடாது. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. 5,000 ரூபாய்க்கு நன்றி என்று எழுதினால் அதை அங்கேயே தீர்த்துவிட்ட மாதிரி ஆகும். கடிதத்தை அந்த வீட்டில் நாலு பேர் படிப்பார்கள், 500 வைத்தவர் காதுக்கும் சேதி போகும். விளக்கு, வெள்ளி டம்ளர், மிக்சி என்றால் தாராளமாகப் பேர் சொல்லலாம்.

மொய் நோட்டில் எதையும் கிறுக்காதீர்கள், அது அடுத்த தலைமுறைக்கும் வேண்டும். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் மாமியாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள். ‘காசிமேடு முருகன்’ என்று இரண்டு பேர் இருப்பார்கள். யார் எந்த முருகன், நீங்கள் அவரை எப்படிக் கூப்பிட வேண்டும், கல்யாணத்தில் என்ன செய்தார், விலாசம் என்ன என்று தனி நோட்டில் எழுதுங்கள். பெண் வீட்டு ஜனத்தை மாப்பிள்ளைக்குத் தெரியாது, அவர் வீட்டு ஜனத்தை உங்களுக்குத் தெரியாது. முறை தப்பினால், சித்தப்பாவை மாமா என்று எழுதிய கதையாகிவிடும்.

60 வீட்டுக்கும் கடிதம் வேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் என்று நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ போகிற தூரத்தில் இருப்பவருக்குத் தபால் அனுப்பினால், “இங்க இருக்கிற வீட்டுக்கு வர முடியலையா?” என்ற குறைதான் மிஞ்சும். அரைக் கிலோ ஸ்வீட், வெற்றிலை பாக்கு, பழத்தோடு இருவருமாக நேரில் போய்விடுங்கள். கடிதம் வெளியூருக்கும், சென்னைக்குள்ளேயே தூரத்தில் இருப்பவர்களுக்கும். நெல்லூர், திருப்பதிப் பக்கத்து உறவு என்றால் தமிழ் படிப்பார்களா என்று முதலில் கேளுங்கள். இங்கே வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு தமிழில் மட்டும் எழுதத் தெரிந்த குடும்பங்கள் நிறைய. அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெலுங்கு எழுதத் தெரியாது என்றால் ஒரு போட்டோவின் பின்னால் இரண்டு பேர் கையெழுத்து, கூடவே ஒரு போன். இடையில் யார் வீட்டிலாவது துக்கம் நடந்திருந்தால் கடிதம் வேண்டாம், நேரில் விசாரிப்பதுதான் முறை.

மிச்சம் 30 வருமா? ஒரு நாளைக்கு 5 என்றால் ஆறு நாள் வேலை. வயதானவர்களை முதலில் முடியுங்கள், எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். விலாசம் கிடைக்காததைத் தனியே ஒதுக்குங்கள். அதைத் தேடப் போய்த்தான் பலரும் மொத்தத்தையும் கிடப்பில் போடுகிறார்கள்.

இனிச் செலவு. இன்லேண்ட் லெட்டர் 2.50 ரூபாய், ஆனால் அதற்குள் எதையும் வைக்கக் கூடாது. போட்டோ வைப்பதானால் சாதாரணக் கவர்தான்: 20 கிராம் வரை 5 ரூபாய் ஸ்டாம்ப். ஒரு ஏ4 தாள் சுமார் 5 கிராம், 4க்கு 6 போட்டோ ஏறக்குறைய 4 கிராம், மெல்லிய கவர் ஒரு 5 கிராம். எல்லாம் சேர்ந்தும் 20க்குள் அடங்கும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விற்கிற கெட்டி அட்டைக் கவர் அழகாகத்தான் இருக்கும், எடை தாண்டிவிடும். ஸ்டாம்ப் குறைந்தால் குறைந்ததைப் போல இரண்டு மடங்கு பணத்தைத் தபால்காரர் வாங்குபவரிடம் கேட்பார். நன்றி சொல்லப் போன கடிதத்துக்கு அத்தை காசு கொடுத்து நிற்பது நன்றாகவா இருக்கும்! சந்தேகம் வந்தால் தபால் ஆபீஸ் கவுன்டரில் ஒன்றை எடை போட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்கு ஒட்டுங்கள்.

சென்னைக்குள்ளேயே தூரத்தில் இருப்பவருக்கு அனுப்பினால் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். பிள்ளையார் கோயில் தெரு பல பேட்டைகளில் உண்டு, பின்கோடுதான் வழிகாட்டும்: திருவொற்றியூருக்கு 600019, உங்கள் தண்டையார்பேட்டைக்கு 600081. அனுப்புநர் விலாசத்தையும் விடாதீர்கள். ஆள் வீடு மாறியிருந்தால் கடிதம் திரும்பி வரும், இல்லாவிட்டால் போய்ச் சேரவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாது. மஞ்சள் தடவும் வழக்கம் உள்ள வீடாக இருந்தால் உள்ளே உள்ள தாளின் மூலையில், காய்ந்த பிறகு மடியுங்கள். கவரின் மேல் ஈர மஞ்சள் பட்டால் விலாசம் கரைந்துபோகும்.